மலை காய்ந்தால் உலை ஏது?

"விளக்கை அணையுங்கள், உலகத்தைக் காப்பாற்றுங்கள்!" ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில், ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு இந்தக் குரல் ஒலிக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் தொடங்கி, உலகின் பெருநகரங்களுக்கெல்லாம் பரவிவிட்ட வழக்கம் அது. மாளிகைகள் இருளும், வானளாவிய கட்டடங்கள் இருளும், மறுநாள் ஏடுகளில் படம் வரும். ஒன்பதரை மணி ஆனதும்? பழையபடி இரவு பகலாகும். குளிர்பதனப் பொறிகள் கூவும். விளம்பரப் பலகைகள் கண் சிமிட்டும்.

போடிநாயக்கனூர்ப் பாட்டாளி இந்தச் செய்தியைத் தேநீர்க் கடையிலே படிக்கிறான். படித்துவிட்டுச் சிரிக்கிறான். "நம் வீட்டில் எரிவதே இரண்டு விளக்கு. அதையும் அணைத்துவிட்டால் பூமி பிழைத்துவிடுமாம்!" என்கிறான்.

அந்தச் சிரிப்பிலே நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை நாம். ஆனால் சிரித்துவிட்டு ஏட்டை மடித்து வைத்துவிட்டால் போதுமா? போதாது என்கிறோம். ஏன் போதாது என்பதை இன்று ஏலமலைச் சாரலை முன்வைத்து எண்ணிப் பார்ப்போம், வாருங்கள் தோழர்களே!

யார் எரிக்கிறார்கள்? யார் எரிகிறார்கள்?

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயு, போர்வையைப் போல் பூமியைச் சுற்றிக்கொண்டு வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. அதனால் உலகம் சூடேறுகிறது. இது விஞ்ஞானிகள் அளந்து கண்ட உண்மை. அந்தப் போர்வையை நெய்தவர் யார்? அமெரிக்க நாட்டில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இந்தியாவிலோ ஆளுக்கு ஏறத்தாழ 2 டன். அந்த 2 டன்னும் சராசரிக் கணக்குத்தான். மாளிகைக்காரனையும் மண்குடிசைக்காரனையும் ஒரே தட்டில் வைத்து வகுத்த கணக்கு! குளிர்பதன அறையும், கார்களும், விமானப் பயணமும் உள்ளவனுடைய பங்கைக் கழித்துவிட்டால், விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் கூலிவேலைக்குப் போகும் நம் தோழனின் பங்கு எவ்வளவு இருக்கும்? கொசுறு அளவு!

ஆகவே, "ஏழையே, நீதான் உலகைச் சூடாக்கினாய், நீ விளக்கை அணை" என்று எவனாவது சொன்னால், அவன் முகத்துக்கு நேரே மறுப்போம். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் பாட்டாளி அல்லன்.

ஆனால் தோழர்களே, எரித்தவன் ஒருவன், எரிகிறவன் வேறொருவன். இதுதான் இந்தக் கதையின் கொடுமை. மாளிகைக்காரன் எரித்த தீயின் வெக்கை முதலில் தாக்குவது மாளிகையை அல்ல, மலைச்சாரலை. ஏலத்தோட்டத்தை. ஏலக்காய் எடுக்கும் கைகளை.

ஏலமலை விடுக்கும் எச்சரிக்கை

ஏலச்செடி மற்றப் பயிர்களைப்போல் வெட்டவெளியில் வெயில் குடித்து வளர்வதில்லை. பெருமரங்களின் நிழல் வேண்டும் அதற்கு. ஈரக்காற்று வேண்டும். மழை பருவம் தவறாமல் பெய்ய வேண்டும். நிழல் போனால் செடி வாடும். மழை தவறினால் காய் பிடிக்காது. மழை அளவுக்கு மிஞ்சினாலோ அழுகல் நோய் தின்னும். இவ்வளவு நுண்மையான பயிரை நம்பித்தான் போடியிலும் தேவாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிகிறது.

அந்த மலைக்கு அண்மை ஆண்டுகளில் நேர்ந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம். இடுக்கி மாவட்டம் எங்கும் மண் சரிந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. மாண்டவர் 70 பேர். மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். 2024 கோடையிலோ நேர்மாறு. மழையே இல்லை, வெயில் வாட்டிற்று, ஏலச்செடிகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. ஒரு பருவம் நீரால் அழிவு, மறு பருவம் நெருப்பாய் வெயில்!

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் உலகச் சூடு ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. மலையைக் குடைந்ததும், மரத்தை வெட்டியதும், சரிவிலே கட்டடம் எழுப்பியதும் சேர்ந்துதான் கேடு செய்கின்றன. ஆயினும் சூடேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. சுமந்ததை ஒரேயடியாகக் கொட்டுகிறது. கொட்டாத காலத்தில் மண்ணை மேலும் வறட்டுகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாவது இப்படித்தான்.

இதில் வேடிக்கை ஒன்றைக் கவனியுங்கள். விளைச்சல் விழுந்தால் விலை எழும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை விலை போயிற்று. அதுவரை காணாத விலை! ஏன்? காய் இல்லை, அதனால் விலை. காய் வைத்திருந்த முதலாளிக்கு இழப்பை ஏறிய விலை ஈடுகட்டும். காய் எடுக்கப் போகும் கூலிக்காரனுக்கு? வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. கிலோ ஏழாயிரம் விற்றாலும் அவன் வீட்டுக் கூரையில் ஓடு ஏறாது. மலை காய்ந்தால் முதலில் வற்றுவது அவனுடைய உலைநீர்!

இதனால்தான் சொல்கிறோம்: சுற்றுச்சூழல் என்பது சுகவாசிகள் மாலை நேரத்தில் பேசிக் களிக்கும் பேச்சன்று. அது நம்முடைய கூலிப் பிரச்சினை, சோற்றுப் பிரச்சினை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சுவரிலே பொத்தானைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. எங்கிருந்து வந்தது அந்த ஒளி? நம் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் குழாய்களில் இறங்குகிறது. இறங்கும் விசையில் 1958 முதல் மின்சாரம் எடுக்கிறோம். புகையில்லை, சாம்பலில்லை, வேலை முடித்த நீர் வயலுக்கும் போகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் மழை பொய்த்தால் அந்த மின்சாரமும் பொய்க்கும். காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில் விரைந்து சுழலும். மற்ற மாதங்களில் ஓய்ந்து நிற்கும். சூரிய ஒளித் தகடுகள் பகலில் உழைக்கும்; மாலையில் உறங்கும். நாமோ மாலையில்தான் வீடு திரும்புகிறோம். விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஒருசேர விழிக்கும் வேளை அது. அந்த வேளையின் பசியைத் தீர்க்கப் பெரும்பாலும் நிலக்கரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஒடிசாவில் வெட்டிய கரி கப்பலேறித் தூத்துக்குடிக்கு வருகிறது, அனல்நிலையத்தில் எரிகிறது, கம்பி வழியே ஊர் ஊராக ஓடி வருகிறது, ஓடும் வழியில் ஒரு பகுதி வீணாகவும் செய்கிறது. நாட்டின் மின்சாரம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது.

ஆகவே, மாலை ஏழு மணிக்கு மிச்சப்படுத்தும் ஒரு யூனிட், அனல்நிலையத்தின் வாயிலிருந்து பிடுங்கிய ஒரு பிடி கரி.

மீட்டர் சொல்லும் பாடம்

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றால் கலங்க வேண்டா. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், அவ்வளவுதான்.

பழைய 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் 18 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு எரிந்தால் 2.7 யூனிட். மிச்சம் 15 யூனிட்டுக்கு மேல். 2015 சனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் போயிருக்கின்றன. ஆயினும் குளியலறையிலும் மாட்டுத் தொழுவத்திலும் இன்னும் குண்டு பல்பு எரியும் வீடுகள் உண்டு.

விசிறிக்கு வாருங்கள். பழைய கூரை விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். புதுவகை மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது, அதற்கு 21.6 யூனிட். மிச்சம் 32 யூனிட்! கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை 2023 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரர் விலையை மட்டும் சொல்வார். நட்சத்திரம் எத்தனை, வாட் எவ்வளவு என்று நாம் கேட்க வேண்டும்.

தொலைக்காட்சியைக் கைக்கருவியால் அணைத்துவிட்டால் அணைந்துவிட்டதாக நினைக்கிறோம். அது தூங்குகிறது, சாகவில்லை. அதுவும் அதனோடு சேர்ந்த பெட்டியும் 10 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால், இரண்டு மாதத்தில் 14 யூனிட் போய்விடும். பார்க்காத படத்துக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம் அல்லவா இது? சுவர்ப் பொத்தானை அணைத்தால் தீர்ந்தது.

ஒரு வீட்டில் ஒரு விளக்கையும் ஒரு விசிறியையும் மாற்றினால் இரண்டு மாதத்தில் 47 யூனிட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. போடியிலும் சுற்றூர்களிலும் பத்தாயிரம் வீடுகள் இதைச் செய்தால் 4,70,000 யூனிட்டுக்கு மேல். காற்றில் கலக்காமல் தடுத்த கரியமில வாயு 330 டன் அளவு. ஒரே ஒரு வீடு செய்தால் ஊமையின் பாட்டு. பத்தாயிரம் வீடு செய்தால் ஊர்வல முழக்கம்!

2016-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரும் முறை வந்தது. "சும்மா கிடைப்பதை ஏன் சேமிக்க வேண்டும்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கட்டணம் இல்லை என்பதால் கரி எரியாமல் இருக்கிறதா? நாம் கட்டாத பணத்தை அரசின் கருவூலம் கட்டுகிறது. அந்தக் கருவூலம் யாருடையது? நம்முடையதன்றோ! படியேறும் கட்டணமுறை வேறு இருக்கிறது. அளவு கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடுகிறது. கடைசிப் படியில் மிஞ்சும் யூனிட்தான் விலையுயர்ந்த யூனிட்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். படிக்கும் பிள்ளையின் விளக்கை அணைப்பது சிக்கனம் ஆகாது, அது சிறுமை. இருட்டிலே உட்காருங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. பயனுக்கு எரியட்டும், பழக்கத்துக்கு எரிய வேண்டா.

அடுப்படியைப் பாருங்கள்

மின்சாரத்தைப் பற்றி ஆண்கள் திண்ணையிலே பேசிக்கொண்டிருக்கும்போது, அடுப்படியிலே ஊதாங்குழலோடு ஒருத்தி இருமிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கம் திரும்புவோம்.

வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் வீட்டுக்குள் கெடும் காற்று, 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைக் குடித்தது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதிகம் பாதிக்கப்படுவோர் பெண்களும் குழந்தைகளும். மலையடிவாரத்து ஊர்களில் விறகு பொறுக்கக் காட்டுக்குப் போகிறவளும் அவள்தான்; சுமந்து வருகிறவளும் அவள்தான்; ஊதி எரிக்கிறவளும் அவள்தான். காடும் தேய்கிறது, அவள் நெஞ்சும் தேய்கிறது.

2007-இல் தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் ஏழைகளுக்கு வழங்கப்பட்டன. 2016-இல் மைய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கிற்று. நல்லவை. ஆனால் இணைப்பு ஒரு முறை வாங்குவது. உருளை மீண்டும் மீண்டும் வாங்குவது. உருளை விலை கூலியை மிஞ்சும்போது, எரிவாயு அடுப்பு அலமாரிக்குப் போகிறது; மூன்று கல் அடுப்பு முற்றத்துக்குத் திரும்புகிறது. இது எவருடைய அறியாமையாலும் வந்ததன்று, விலையால் வந்தது.

புகையில்லா அடுப்பு புதிய கண்டுபிடிப்பும் அன்று. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய கிராமத் தொழில் சங்கம், வார்தாவில் 1940-களிலேயே புகைபோக்கி வைத்த 'மகன் சூலா' அடுப்பைப் பரப்ப முயன்றது. பின்னாளில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-இல் மறைந்தவர் அவர். அவருடைய பாதை வேறு, நம்முடைய பாதை வேறு. ஆயினும் நல்ல அடுப்புக்குக் கட்சி இல்லை! 1983-இல் இந்திய அரசும் மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். பழுது பார்க்க ஆளை வைக்கவில்லை. எண்ணிக்கை கோப்பிலே நின்றது, பல வீடுகளில் அடுப்பு நிற்கவில்லை. சமைக்கிறவளைக் கேளாமல் அடுப்பு வகுத்தால் வேறு என்ன நடக்கும்?

நம் பாட்டிமார்களோ எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. பெரிய அடுப்பில் சோறு கொதிக்க, தப்பி வரும் அனலைக் கொடியடுப்பில் பிடித்துக் குழம்பைச் சூடாக்கினார்கள். பருப்பை ஊறவைத்து வேகவைத்தார்கள். பானைக்கு மூடி போட்டார்கள். எரிபொருளை மிச்சப்படுத்தும் அறிவு அது. எரிவாயு அடுப்புக்கும் அதே பாடம் பொருந்தும். மூடி போடுங்கள், ஊறவைத்ததை வேகவையுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதிக்கும் நீர் அதற்குமேல் சூடேறாது. மிகுதித் தீ ஆவியைத்தான் பெருக்கும். உருளை சில நாள் கூடுதலாக வரும். இவற்றை மனைவிக்கு உபதேசிக்காதீர்கள், தோழர்களே! நீங்களும் அடுப்படிக்குள் போங்கள். உலையை ஏற்றிப் பாருங்கள். அப்போது தெரியும் விறகின் அருமை.

விறகைப் பேசும்போது தோட்டங்களையும் பேச வேண்டும். பச்சை ஏலக்காய் ஐந்து கிலோவை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். மிதமான சூட்டில் ஒரு பகலும் ஓரிரவுமாக உலர்த்த வேண்டும். அந்தச் சூட்டுக்கு ஏலக்காய் ஸ்டோர்களில் விறகு எரிந்தது. இன்னும் பல இடங்களில் எரிகிறது. எந்த மரத்தின் நிழலில் காய் விளைந்ததோ, அதே மரத்தை வெட்டிக் காயை உலர்த்தினால், கிளையின் நுனியில் அமர்ந்து அடியை வெட்டுவதன்றி வேறென்ன? சிக்கிம் மாநிலத்தில் பெரிய ஏலக்காயை உலர்த்துவதற்கு, விறகை வாயுவாக்கி எரிக்கும் அடுப்பைத் தேரி ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்துக் காட்டினர். விறகுச் செலவு வெகுவாகக் குறைந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? குடிசைக்காரி பொறுக்கும் சுள்ளிக்கு வழக்குப் போடுமுன், ஸ்டோருக்குப் போகும் லாரி விறகுக்குக் கணக்குக் கேட்கட்டும் அதிகாரிகள்!

இன்னொன்று. மலைப்புல்லுக்குத் தீ வைத்தால் மழை வரும் என்றொரு மூடநம்பிக்கை அடிவாரங்களில் உலவுகிறது. தீ மழையைக் கொண்டுவராது. மழையைப் பிடித்து வைக்கும் மண்ணையும் சோலையையும் தின்னும். காய்ந்த சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணி மலை காட்டிற்று. மலையேறச் சென்ற இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் அந்தத் தீயில் சிக்கி உயிரிழந்தனர். அந்தத் துயரத்தைக் கண்ட ஊர், தீயோடு விளையாடும் எந்த நம்பிக்கையையும் தூக்கி எறிய வேண்டும்.

கோரிக்கையும் கடமையும்

அரசிடம் நாம் கேட்பது பிச்சை அன்று, உரிமை. 2011-க்குப் பின் வீட்டுக்கு வீடு விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் இலவசமாக வந்த மாநிலம் இது. இனிக் கொடுக்கும் பொருள் எதுவானாலும், குறைந்த மின்சாரம் இழுக்கும் பொருளாக இருக்கட்டும். நல்ல விசிறியைத் தவணையில் வாங்க நியாயவிலைக் கடை வழி செய்யட்டும். எரிவாயு உருளை கூலிக்காரன் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கட்டும். 2024-இல் வந்த கூரைச் சூரிய மின்திட்டம் சொந்தக் கூரை உள்ளவனுக்குப் பயன்படுகிறது. வாடகைக் குடியிலும் லயத்திலும் வாழ்பவனுக்கு என்ன வழி என்று சொல்லட்டும். பட்டப்பகலில் எரியும் தெருவிளக்கை நகராட்சி அணைக்கட்டும். உறுப்பினராய் இருக்கும் தோழர்கள் இதை மன்றக் கூட்டத்தில் எழுப்பட்டும்.

கோரிக்கை ஒரு கை. கடமை மறு கை. ஒரு கையால் ஓசை எழாது. கிளைதோறும் உள்ள படிப்பகத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் காட்டிய அளவை ஒவ்வொரு தோழரும் எழுதட்டும். சென்ற முறை எத்தனை, இந்த முறை எத்தனை? குறைத்தவர் எப்படிக் குறைத்தார் என்று மற்றவர்க்குச் சொல்லட்டும். மின்பணி தெரிந்த தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்கு ஒருவராய்ப் போய்ப் பழைய பல்பையும், சூடேறும் பழைய கம்பியையும் பார்த்துச் சொல்லட்டும். நம் பொதுக்கூட்ட மேடைக்குப் பேசுவோர் முகம் தெரியும் வெளிச்சம் போதும். ஊர் முழுவதும் சரவிளக்குக் கட்டித்தான் கொள்கை ஒளிர வேண்டும் என்பதில்லை. நாம் குறைத்துக் காட்டினால்தான், குளிர்பதன மாளிகையைப் பார்த்து "நீயும் குறை" என்று ஓங்கிச் சொல்லும் தகுதி நமக்கு வரும். குளிர்பதனப் பொறியின் அளவை ஒரு பாகை உயர்த்தினாலே ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று மைய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனமே கூறுகிறது. அந்த ஒரு பாகையைத் தியாகம் செய்ய முடியாதவர்கள், உழைப்பவனிடம் ஒளியைத் தியாகம் செய்யச் சொல்ல வேண்டா!

வள்ளுவர் தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து மழையின் சிறப்பை வைத்தார். அறமும் பொருளும் இன்பமும் பேசுவதற்கு முன்னே வானத்தை நிமிர்ந்து பார்த்தவர் அவர். நாமும் மேற்கே நிமிர்ந்து பார்ப்போம். கொட்டகுடி ஆற்றுக்கு நீர் தருவது அந்த மலை. ஏலத்துக்கு நிழல் தருவது அந்த மலை. நம் கைக்கு வேலை தருவது அந்த மலை. அது பசுமையாக நின்றால் நம் பிள்ளை படிக்கும். அது காய்ந்தால் கூலி கேட்கப் போகும் இடமே இராது.

எரித்தவர்களிடம் கணக்குக் கேட்போம். எரியாமல் காக்கும் வேலையை இன்றிரவே நம் வீட்டில் தொடங்குவோம்!